வாள் வீசுகிறவனுக்கு மூச்சு வாங்காதா?

கதையில் இரண்டு வீரர்கள் நேருக்கு நேர் நிற்கும் இடம் வந்துவிட்டால் நான் வாசிக்கும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். யார் எங்கே காலை ஊன்றியிருக்கிறான், வெயில் யார் முகத்தில் அடிக்கிறது, எவ்வளவு நேரமாக மோதுகிறார்கள் என்பதையெல்லாம் கவனித்துப் படிப்பேன். பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். நாயகன் அடிபட்டு, ரத்தம் சிந்தி, கையைத் தூக்க முடியாமல் மண்டியிட்டுக் கிடப்பான். எதிரி சும்மா இருக்காமல் அவனுடைய செத்துப்போன அப்பாவைப் பற்றியோ தங்கையைப் பற்றியோ ஒரு சொல் சொல்லிவிடுவான். அவ்வளவுதான், இவன் கண் சிவக்கும், நரம்பு புடைக்கும், இத்தனை நேரம் இல்லாத பலம் எங்கிருந்தோ வந்து சேரும், நாலே வீச்சில் எதிரி தரையில் கிடப்பான். சரித்திரக் கதை, இணையத் தொடர், ஜப்பானியப் படக்கதை, எதை எடுத்தாலும் இப்படித்தான்.

கோபம் களைப்புக்கு மருந்து என்று எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கோபம் களைப்பை மறைக்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மறைத்து வைத்ததை அப்புறம் இரண்டு மடங்காகக் கொண்டுவந்து நிறுத்தும். இதை நம்முடைய பழைய கதைசொல்லிகள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள், நாம்தான் வழியில் எங்கேயோ விட்டுவிட்டோம் என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியும் பலமானதுதான். கீழக்கரைக்கும் சேதுக்கரைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பக்கத்தில், வெயில் இறங்கி மணல் ஆறின பிறகு கரையில் உட்கார்ந்தால் இந்த வழக்கு அடிக்கடி எழும். என் மச்சான் ஒருத்தன் இருக்கிறான், போனில் பார்க்காத சண்டைத் தொடர் இல்லை. "கோபம் வரலைன்னா அவன் எதுக்கு மாப்ள சண்டைக்கு வாறான்? ஆத்திரம்தான் வீரம்" என்பான். சிலம்பம் சொல்லித்தருகிற தம்பி ஒருவன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பான், அது ஆமோதிப்பா மறுப்பா என்று கண்டுபிடிக்க நேரம் ஆகும். கரைவலை இழுக்கிற மாமா ஒருவர் பேச்சில் கலந்துகொள்ளவே மாட்டார், ஆனால் எழுந்து போகவும் மாட்டார்.

மச்சானுக்கு நான் முதலில் காட்டியது அந்தக் கரைவலையைத்தான். படகில் கொண்டுபோய் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் கரையிலிருந்து இழுக்கிறார்கள். மணிக்கணக்கில் ஆகிற வேலை. கயிற்றைக் கையால் இழுக்கிறவன் சீக்கிரம் விழுந்துவிடுவான். பழகினவர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து, எடையைக் கயிற்றில் கொடுத்து, பின்பக்கமாகவே நடப்பார்கள். பாட்டும் கூவலும் எதற்கு என்றால் எல்லோருடைய மூச்சும் ஒரே நேரத்தில் போய் வருவதற்கு. இதில் ஒருவனுக்கு யார் மேலேயோ ஆத்திரம் வந்து வெறிகொண்டு இழுத்தால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் மீன் சேர்ந்திருக்கிற வலையின் மடி கரையேறுகிற கடைசி நேரம், உண்மையிலேயே பலம் வேண்டிய நேரம் வரும்போது அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான்.

உடம்புக்குள்ளே நடப்பதும் அதுதான். முழு வேகத்தில் ஒரு தசை வேலை செய்தால் கையிருப்பில் உள்ள சக்தி ஏறக்குறைய 10 விநாடியில் தீர்ந்துபோகிறது. அதன் பிறகு போதிய பிராணவாயு இல்லாமலேயே சர்க்கரையை உடைத்து ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டலாம், அப்போதுதான் கையும் தொடையும் எரிய ஆரம்பிக்கும். அதற்கப்புறம் மூச்சின் வேகத்துக்குத்தான் உடம்பு ஓடும். குத்துச்சண்டையில் ஒரு சுற்றை 3 நிமிடத்தில் நிறுத்தி 1 நிமிடம் உட்கார வைக்கிறார்கள், கபடியில் ஒருவன் பாடிப்போய்த் திரும்ப 30 விநாடிதான் கொடுக்கிறார்கள். கோபம் வந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, வலி மரத்துப்போகிறது. முதல் சில விநாடிக்கு அவன் உண்மையிலேயே பலசாலிதான், மச்சான் சொல்வதில் அந்த மட்டும் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சில விநாடிக்காக அவன் 10 விநாடிச் சேமிப்பை ஒரே மூச்சில் காலி செய்கிறான். வலி தெரியாததால் காயம் எவ்வளவு ஆழம் என்பதும் தெரியாது. பார்வை ஒடுங்கி எதிரியின் முகம் மட்டும் தெரியும், காலும் தோளும் தெரியாது. பிடி இறுகும். பிடி இறுகினால் முன்கை சீக்கிரம் செத்துப்போகும். சிலம்பத் தம்பி வாயைத் திறந்தது இந்த இடத்தில்தான்: "கம்ப இறுக்கிப் புடிச்சவன் கைய முதல்ல தட்டலாம்ணே."

இதோடு எங்கள் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்று விழுந்துபோன நாளில் கடல் ஓரத்தில் வேர்வை உலராது, உடம்பிலேயே வழிந்துகொண்டிருக்கும், சூடு வெளியே போக வழியில்லாமல் தலைக்குள் ஏறும். மணலில் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் உள்ளே வாங்கும். கடற்கரையில் வாள்சண்டை நடப்பதாக எழுதுகிறவர்கள் அலையையும் நிலவையும் எழுதுகிறார்கள், கணுக்காலை யாரும் எழுதுவதில்லை. வாளின் எடையை வேறு பத்து கிலோ, பதினைந்து கிலோ என்று ஏற்றிவிடுகிறார்கள். ஒரு கையால் பிடித்துச் சண்டை போட்ட வாள்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோவுக்குள்தான். அந்த ஒன்றரை கிலோவைத் தோளுக்கு மேலே தூக்கி ஐந்து நிமிடம் சுழற்றிப் பாருங்கள், பத்து கிலோ தேவையே இல்லை என்று புரியும்.

சரி, பழைய கதைகளுக்கு வருகிறேன்.

வாலியை எடுத்துக்கொள்வோம். சுக்கிரீவன் முதல் தடவை வந்து அடி வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து வாசலில் நின்று கூப்பிடுகிறான். வால்மீகியில் மனைவி தாரை வாலியைத் தடுத்துச் சொல்கிற காரணம் என்னை எப்போதும் ஆச்சரியப்படுத்தும். அவ்வளவு அடி வாங்கிப் போனவன் இத்தனை சீக்கிரம் திரும்பி வருகிறான், இந்தக் கர்ஜனைக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது, துணையில்லாமல் வந்திருக்க மாட்டான் என்கிறாள். களைத்த உடம்பு எவ்வளவு நேரத்தில் தேறும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கு இடிக்கிறது என்று கண்டுபிடித்தவள் அவள். வாலிக்கும் அந்தக் கணக்குத் தெரியும், அவன் சாதாரண மல்லன் இல்லை. ஆனால் கோபத்தில் அது தெரியவில்லை. கம்பன் இதையே தன் பாணியில் எழுதுகிறான்: குறுக்கே வந்து நின்ற தாரையின் நீண்ட கூந்தல், வாலியின் கண்ணிலிருந்து வந்த தீயில் தீய்கிறது. கோபத்தில் முதலில் கருகுவது எதிரி இல்லை, நல்ல சொல் சொல்ல வந்தவள். மரத்துக்குப் பின்னால் ஒரு வில் காத்திருப்பதை அந்தக் கண்ணால் எப்படிப் பார்க்க முடியும்? ராமன் மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்று நம் ஊரில் ஆயிரம் பட்டிமன்றம் நடந்திருக்கும், நடக்கட்டும். தாரையின் கணக்கைப் பற்றி ஒரு மன்றமாவது வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு இடம், எல்லோருக்கும் மனப்பாடமான இடம். முதல் நாள் போரில் ராவணன் எல்லாம் இழந்து நிற்க, "இன்று போய், போர்க்கு நாளை வா" என்று ராமன் அனுப்புகிறான். கம்பனில் நமக்கு அந்த வள்ளல்தன்மைதான் முன்னால் நிற்கும். வால்மீகியின் ராமன் அந்த இடத்தில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறான்: நீ போரிட்டுக் களைத்திருக்கிறாய், அதனால் உன்னைக் கொல்லவில்லை, போய் இளைப்பாறிவிட்டுத் தேரோடும் வில்லோடும் வா என்கிறான். தன் மனைவியைத் தூக்கிக்கொண்டு போனவன் எதிரே நிற்கிறான், அந்த நேரத்தில் இவன் கண்ணுக்கு எதிரியின் மூச்சிரைப்பு தெரிகிறது. இவன் எவ்வளவு பெரிய வீரன் என்பதற்கு எனக்கு இந்த ஒரு இடம் போதும். பின்னால் கடைசிப் போரில் ராமனே களைத்துப்போய்க் கவலையோடு நிற்பதாகவும் வால்மீகி எழுதுகிறார், அப்போதுதான் அகத்தியர் வந்து ஆதித்ய ஹிருதயம் சொல்லித்தருகிறார். அவதாரப் புருஷனுக்கும் களைப்பைக் கொடுக்க அந்தக் கவிக்குக் கூச்சமே இல்லை.

இந்த ராமனுக்குக் கோபமே வராதா என்றால், வந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லில் படுத்து, கடல் வழிவிடுமா என்று காத்துக்கிடந்தான். வால்மீகியில் 3 இரவு, கம்பனில் 7 நாள். கடல் வாயைத் திறக்கவில்லை, இவன் வில்லை எடுத்துவிட்டான். வால்மீகியில் அந்த நேரம் லட்சுமணன் பாய்ந்து வந்து "வேண்டாம், வேண்டாம்" என்று வில்லையே பிடித்துக்கொள்கிறான். வழக்கமாகக் கொதிக்கிறவன் தம்பி, அடக்குகிறவன் அண்ணன். இங்கே அப்படியே மாறிக் கிடக்கிறது. சாப்பாடு தூக்கம் இல்லாமல் கிடந்தவனுக்குக் கோபம் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது வீட்டில் நோன்பு பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். கோபம் களைப்பைக் கொண்டுவருவது போலக் களைப்பும் கோபத்தைக் கொண்டுவரும், இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஏனோ தொடுவதே இல்லை. நாள் முழுக்க நடந்து வந்த வீரன் ஒரு சின்னச் சொல்லுக்கு வாளை உருவினால் அதில் எவ்வளவு உண்மை இருக்கும்!

பாரதத்தில் பீமனும் ஜராசந்தனும் போட்ட மல்யுத்தம் 13 நாள் இடைவிடாமல் நடந்து, பதினாலாம் இரவில் ஜராசந்தன் தளர்கிறான். அப்போது கிருஷ்ணன் பீமனிடம், களைத்துப்போன எதிரியை இன்னும் அழுத்தக் கூடாது, அழுத்தினால் உயிரை விட்டுவிடுவான் என்று அறிவுரை போலச் சொல்கிறான். சொன்னது அறிவுரை இல்லை, 'இப்போதுதான் நேரம்' என்கிற சைகை. பீமனுக்குப் புரிந்துவிட்டது. 13 நாள் மல்லுக்கட்டின பிறகும் ஒரு மறைபொருளைப் பிடிக்கிற அளவுக்குத் தெளிவு அவனிடம் மிச்சம் இருந்தது, அவன் ஜெயித்தான். பீமனைக் கோபக்காரன் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அந்த அரங்கில் அவனைவிட நிதானமானவன் யாரும் இல்லை.

கிரேக்கர்களிடமும் இது இருக்கிறது. ஹோமரின் இலியட் காவியம் முழுக்க அக்கிலீஸ் என்கிற வீரனின் கோபம்தான். நண்பன் செத்ததும் இப்போதே போர், சாப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று அவன் துடிக்கிறான். ஒடிசியஸ் குறுக்கே வந்து, வெறும் வயிற்றோடு நாள் முழுக்க யாராலும் சண்டை போட முடியாது, மனம் துடித்தாலும் முழங்கால் மடங்கிவிடும், படைக்குச் சோறு போடு என்கிறான். போருக்குக் கிளம்பும்வரை அக்கிலீஸ் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு தெய்வம் வந்து அவன் நெஞ்சுக்குள் அமுதத்தைச் சொட்ட வேண்டியிருக்கிறது. கோபம் மட்டும் போதாது என்று ஹோமருக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள், தெய்வத்தை இறக்கினாரே தவிர ஆத்திரத்தைச் சோறாக்கவில்லை. அதே காவியத்தில் அயாஸ் என்கிற மாவீரன் கப்பல்களைக் காக்கும்போது, கேடயத்தைத் தூக்கித் தூக்கி அவனுடைய இடது தோள் ஓய்ந்துபோவதையும், வேர்வை வழிந்து மூச்சு முட்டுவதையும் எழுதியிருக்கிறார். இடது தோள்! அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திரும்பப் படிக்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மச்சான் ஒரே ஒரு ஆளைத் தூக்கிப் போட்டான். துரியோதனன். "அவன் கோவத்துக்கு என்ன சொல்ற?" என்றான்.

நல்ல கேள்வி, கொஞ்ச நாள் என்னைத் தூங்கவிடாத கேள்வி. துரியோதனன் 13 வருஷம் இரும்பில் பீமன் உருவத்தைச் செய்து வைத்து அதன்மேல் கதாயுதத்தால் அடித்துப் பழகினான் என்று பாரதம் சொல்கிறது. பலத்தில் பீமன் மேல், பயிற்சியில் துரியோதனன் மேல் என்று கிருஷ்ணனே ஒப்புக்கொள்கிறான். அது முழுக்க முழுக்கக் கோபத்தில் பிறந்த பயிற்சி. ஆக, கோபம் ஒருவனை உயர்த்தும்தான், ஆனால் அது சண்டையன்று காலையில் வந்த கோபம் இல்லை. வருஷக்கணக்கில் தினமும் வேர்வையாக இறங்கி, கையில் படிந்து, பழக்கமாக மாறின பழைய கோபம். களத்துக்கு வரும்போது அது கோபமாகவே இல்லை, வித்தையாக இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சிகளை, பிரிக்கும்போது அஞ்சாமையை, அவர் தறுகண் என்பதை, கல்வியோடு சேர்த்துப் பெருமிதத்தின் கீழ்தான் வைத்தார். உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடியைக் கெடுப்பது), அலை (அடித்து வைது அலைக்கழிப்பது), கொலை இந்த நாலிலும் பிறக்கிற வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, தனி வீடு கொடுத்துவிட்டார். மச்சானின் 'ஆத்திரம்தான் வீரம்' அந்தக் கணக்கில் வராது.

அப்படிப்பட்ட துரியோதனனும் படை எல்லாம் போன பிறகு மடுவில் போய் மூழ்கிக் கிடந்தான். பாண்டவர்கள் கரையில் நின்று ஏசும்போது அவன் சொல்கிற பதில், உயிருக்குப் பயந்து ஒளியவில்லை, களைத்துப்போனதால் தண்ணீருக்குள் இறங்கினேன் என்பது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன்மேல் இரக்கம் வரும். தருமனும் பீமனும் அடுக்கின ஏச்சைத் தாங்க முடியாமல்தான் கடைசியில் கதையோடு வெளியே வருகிறான். வந்த பிறகும் இரண்டு பேரும் நடுவில் நின்று, மூச்சு வாங்கி, இளைப்பாறி, மறுபடி மோதுகிறார்கள். 18 நாள் யுத்தத்தின் கடைசிச் சண்டையில் இடைவேளை விடுகிற தைரியம் இன்றைக்கு எந்தத் தொடர் எழுத்தாளருக்கு இருக்கிறது?

கதை எழுதுகிற தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். உங்கள் வீரனுக்குக் கோபம் வரட்டும், தாராளமாக வரட்டும், ஆனால் அதற்கு விலை போடுங்கள். முதல் மூன்று வீச்சு எதிரியைப் பின்னால் தள்ளட்டும், நாலாவது வீச்சு ஒரு விரற்கடை தாழட்டும். எதிரி அனுபவசாலி என்றால் அவன் வேண்டுமென்றே ஏசுவான், ஏசிவிட்டு இரண்டு அடி பின்வாங்கிக் காத்திருப்பான், இவனை வீசவிட்டுக் களைக்க வைப்பான். கபடியில் எங்கள் பையன்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஏறிவருகிறவனைச் சீண்டிவிட்டால் அவன் கோட்டை மறந்து ஒரு எட்டு கூடுதலாக உள்ளே வைப்பான், அந்த ஒரு எட்டு போதும். அப்படி ஒரு சண்டையை எழுதிப் பாருங்கள், நாயகன் தோற்றாலும் வாசகனுக்கு அவன்மேல் மரியாதை குறையாது.

இத்தனைக்கும் மேலே எனக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால் இந்திரஜித்தைத்தான் கூப்பிடுவேன். நிகும்பிலையில் யாகத்தில் உட்கார்ந்திருக்கிறான். அது முடிந்தால் அவனை யாராலும் தொட முடியாது என்று விபீஷணனுக்குத் தெரியும், அதனால்தான் லட்சுமணனை அவசரமாகக் கூட்டி வருகிறான். வெளியே தன் படை அடிபடுகிறது என்று கேட்டதும் இந்திரஜித்துக்குக் கோபம் தாங்கவில்லை. சடங்கைப் பாதியில் விட்டு எழுந்து வருகிறான். அந்த எழுந்த கணத்தை ஒதுக்கிவிட்டு அப்புறம் நடந்ததைப் பார்த்தால் அவன் போட்டது மகத்தான சண்டை: மூன்று பகலும் மூன்று இரவும் லட்சுமணனோடு நின்றிருக்கிறான், சாரதி செத்து, குதிரைகள் செத்து, தேர் போன பிறகும் நின்றிருக்கிறான். உடம்பில் குறையே இல்லை, வித்தையில் குறையே இல்லை. இதை நான் கரையில் சொன்ன அன்றைக்குத்தான் மாமா முதல் தடவையாக இந்தப் பேச்சில் வாயைத் திறந்தார்.

"அவன் எந்திரிக்காம இருந்திருக்கணும்ப்பா" என்றார்.

மச்சான் விடவில்லை. வெளியே சாகிறவர்கள் அவன் ஆட்கள், சத்தம் காதில் விழுகிறது, எப்படி மாமா உட்கார்ந்திருப்பான் என்று கேட்டான். அதற்கு மாமா பதில் சொல்லவில்லை, எனக்கும் இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பான். ஆனால் அப்படி உட்கார்ந்திருக்கக் கூடியவனை நான் இந்த அளவுக்கு நேசித்திருப்பேனா என்பதுதான் இப்போது எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற வழக்கு.